மூணு மணி நேரத்துக்கு எதுக்கு லைசென்ஸுன்னு நானும் கேட்டவ தான்

போன வருஷம் மே மாசம் பேத்திக்கு ப்ளே ஸ்கூல் தேடி கோயமுத்தூர்ல அலைஞ்சப்ப மாப்பிள்ளை கேட்டாரு, "மூணு மணி நேரம் தானுங்க அத்தை, அதுக்கு எதுக்கு இத்தன விசாரணை"ன்னு. எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா இதே வசனத்த நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிருக்கேன், அதுவும் ஸ்கூல் நடத்தறவளா இருந்துட்டு சொல்லிருக்கேன்.

திருப்பூர்ல எங்க வீட்டு கீழ் போர்ஷன்ல 2011 ஜூன்ல ஆரம்பிச்சு 2020 மார்ச்ல கொரோனாவுக்கு மூடற வரைக்கும் ப்ளே ஸ்கூல் நடத்தினேன். காலைல ஒன்பதரை டு பன்னெண்டரை. பொண்ணு காலேஜுக்கு போயிட்டா, கீழ குடியிருந்தவங்களும் காலி பண்ணிட்டாங்க, வாடகைக்கு விடறதுக்கு பதிலா இதைப் பண்ணலாமேன்னு ஒரு ஆறு மாச மாண்டிசோரி கோர்ஸ் முடிச்சுட்டு இறங்கிட்டேன். யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல, கேக்கணும்னே தோணல. பெயிண்டரக் கூப்பிட்டு காம்பவுண்ட் சுவத்துல ஒரு யானை, ஒரு முயல், ரெண்டு பலூன் வரைஞ்சு பேரு எழுதச் சொன்னேன், அவ்ளோ தான், ஸ்கூல் ரெடி. ஒன்பது வருஷத்துல தானா வந்து "இங்க ஸ்கூல் நடக்குதா"ன்னு கேட்ட ஒரே அரசாங்க ஆளு யாருன்னா மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஈபிக்காரர். வீட்டு கனெக்‌ஷன்ல இது நடத்தக் கூடாது, கமர்ஷியலுக்கு மாத்துங்கன்னாரு. மாத்தினேன். குழந்தைங்கள விட கரண்டுக்குத் தான் கணக்கு பக்காவா இருந்துச்சு.

இத்தனைக்கும் 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தப்ப என் பொண்ணு அஞ்சாவது படிச்சுட்டு இருந்தா. 94 குழந்தைங்க. அந்த செய்தியப் பார்த்துட்டு ரெண்டு நாள் அவள ஸ்கூலுக்கே அனுப்பல. அப்புறம் போய் அவ க்ளாஸ் கூரையெல்லாம் எட்டிப் பார்த்துட்டு வந்தேன். அதே ஆளு தான் ஏழு வருஷம் கழிச்சு ஒரு பேப்பர் இல்லாம 22 குழந்தைங்கள வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டேன். ஏன்னா மனசுக்குள்ள அது ஸ்கூல் வேற, இது வேற. இங்க பாடம் இல்ல, பரீட்சை இல்ல, விளையாடிட்டு பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போகப் போறாங்க. சட்டமும் ஏறக்குறைய அப்படித் தான் நெனச்சுட்டு இருந்துச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசுல தான் ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அரசு ஏற்பாடு பண்ணலாம்னு 11வது பிரிவுல சொல்லி விட்டிருக்காங்க. தமிழ்நாட்டுல ப்ளே ஸ்கூலுக்குன்னு தனியா விதிமுறை வந்ததே 2015ல தான். அது வந்ததும் எனக்குத் தெரியும், பேப்பர்ல படிச்சேன், படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டேன்.

2016 ஜூன்ல தான் புத்தி வந்துச்சு.

திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தடவை வந்தா பெரிய விஷயம், அதனால வீட்டுக்கு வீடு தரைக்குக் கீழ தொட்டி இருக்கும். எங்களது போர்டிகோவுலயே இருந்துச்சு, ஆள் இறங்கற அளவு வாய், மேல இரும்புத் தகடு மூடி. குழந்தைங்களுக்கு அந்த மூடின்னா உயிரு. ஏறிக் குதிச்சா டம்மு டம்முன்னு சத்தம் வரும், அதனால அதுக்கு ஸ்டேஜ்னு பேரு வெச்சு நானே அது மேல நிக்க வெச்சு ரைம்ஸ் சொல்ல விட்டிருக்கேன், போட்டோ கூட இருக்கு. மேல பார்த்தா பச்சை பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கும். தண்ணியோட ஆவி பட்டு பட்டு அடிப்பக்கம் துரு தின்னுட்டு வந்தது யாருக்குத் தெரியும்? மூணு வயசுப் பையன் ஒருத்தன், அன்னைக்கு அவன் முறை, குதிச்சான். ஓரம் அப்பளம் மாதிரி பொத்துக்கிட்டு வலது கால் தொடை வரைக்கும் உள்ள போயிருச்சு. பக்கத்துல நின்ன ஆயாம்மா சட்டையப் புடிச்சுட்டாங்க. மொதல் நாள் ராத்திரி தான் தண்ணி விட்டிருந்தாங்க, தொட்டி ஃபுல்லா இருந்துச்சு.

தொடைல கிழிஞ்சு நாலு தையல், டிடி ஊசி. அவங்க அம்மா பனியன் கம்பெனில டெய்லர், போன் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு தான் வர முடிஞ்சுது. கேட் கிட்ட நின்னுட்டு இருக்கேன், கை காலெல்லாம் நடுங்குது, அவ கத்துவா, அடிக்கக் கூட செய்வா, வாங்கிக்கலாம்னு நிக்கறேன். அவ பையனத் தூக்கி தொடைல இருந்த கட்டப் பார்த்தா, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மெதுவா, "நாளைக்கு விடலாமுங்களாக்கா? லீவு போட்டா இந்த வாரம் சம்பளம் கம்மியாயிரும்"னு கேட்டா.

அவ கத்தியிருந்தா நான் மன்னிப்பு கேட்டுட்டு மறந்திருப்பேன்னு நெனக்கறேன். அவளுக்கு வேற எடம் இல்ல. அப்ப இருந்த 1948 ஃபேக்டரி சட்டத்துலயே 30 பெண்களுக்கு மேல வேலை பார்த்தா குழந்தைங்களுக்கு தனி ரூம் வேணும்னு இருந்துச்சு, இவ வேலை பார்த்த மாதிரி சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுல பத்து மெஷின் தான், அந்த சட்டம் அவ வாசல் வரைக்கும் வராது. சரி, கோவப்பட்டு என் மேல கம்ப்ளெயிண்ட் பண்ணணும்னு நெனச்சாலும் எங்க போவா? ஸ்கூல்னு பார்த்தா நான் யார் லிஸ்ட்லயும் இல்ல. லைசென்ஸ்னா பேப்பரு, சீலு, அலைச்சல்னு மட்டும் நெனச்சிட்டு இருந்த எனக்கு அன்னைக்குத் தான் உறைச்சுது, அது அந்தப் பொண்ணு போய் நிக்கறதுக்கு ஒரு கவுண்டர். நான் தப்பு பண்ணினா என் பேரச் சொல்லி கேக்க ஒரு எடம்.

அடுத்த வாரமே அப்ளை பண்ணக் கெளம்பினேன். ப்ளே ஸ்கூலுக்கு அங்கீகாரம் வாங்கப் போனா கல்வி ஆபீஸ்ல மொதல்ல கேக்கறது மத்த ஆபீஸ் பேப்பருங்கள தான். எஞ்சினியர்கிட்ட கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் ஆபீஸ்ல பில்டிங் லைசென்ஸ், ஃபயர் ஸ்டேஷன்ல என்ஓசிங்கற தடையில்லாச் சான்று, சுகாதாரத்துறைல சானிட்டரி சர்டிபிகேட். எட்டு மாசம் ஆச்சு. ஒரு ஆபீஸ்ல ஃபைல் நகரவே இல்ல, ஏன் நகரலைன்னு உங்களுக்கே தெரியும், எப்படி நகந்துச்சுங்கறதையும் நான் சொல்லப் போறதில்ல. காம்பவுண்ட ஒசத்தினது, பின்னாடி ரெண்டாவது கதவு போட்டது, ஃபயர் சிலிண்டர், எஞ்சினியர் ஃபீஸ், அலைச்சல் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 1,40,000 ஆச்சு.

திட்டிட்டே தான் பண்ணினேன், ஆனா ஒண்ணு சொல்லணும். ஃபயர் ஸ்டேஷன்ல இருந்து வந்தவரு உள்ள நுழைஞ்ச ரெண்டே நிமிஷத்துல, "ஏம்மா, இந்த மெயின் டோர் கிட்ட தான சமையல் ரூம் இருக்கு, அங்க பத்திக்கிச்சுன்னா எந்தப் பக்கம் ஓடுவீங்க"ன்னாரு. அஞ்சு வருஷமா அந்த ரூம்ல பால் காய்ச்சறேன், எனக்குத் தோணல. ஜன்னலுக்கெல்லாம் கிரில், பின்பக்கம் சுவரு. ரெண்டாவது கதவு அப்படி வந்தது தான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் குடிக்கற தண்ணில ஒரு சொட்டு மருந்து விட்டு மஞ்சளாகுதான்னு பார்த்தாரு, ஆகல, குளோரினே இல்ல. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போனவரு உள்தாழ்ப்பாளப் பார்த்துட்டு இதக் கழட்டுங்க, குழந்தை உள்ள போய் போட்டுக்கிட்டா என்ன பண்ணுவீங்கன்னாரு. அங்கயே ஜன்னல் மேல ஸ்ப்ரைட் பாட்டில்ல ஃபினாயில் இருந்துச்சு, சைக்கிள்ல கொண்டு வந்து விக்கறவர்கிட்ட வாங்கினது. அவரு ஒண்ணும் சொல்லாம பாட்டில எடுத்து என் கைல குடுத்தாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. வெளி ஆளு கண்ணு வேணுங்க. நம்ம வீட்டு ஆபத்து நமக்கு பழகிப் போயிருக்கும்.

சரி, மறு பக்கத்தையும் சொல்லிடறேன். வந்த நாலு பேர்ல ஒருத்தரு கூட குழந்தைங்க இருக்கறப்ப வரல. ஒருத்தர் சாயங்காலம் நாலு மணிக்கு, ஒருத்தர் சனிக்கிழமை, இப்படித் தான். காலி பில்டிங்க அளந்து பார்த்துட்டுப் போனாங்க. ரூம் எத்தனைக்கு எத்தனை அடின்னு கேட்டாங்க, அந்த ரூம்ல அழற குழந்தைய யாரு தூக்கறாங்கன்னு யாரும் கேக்கல. ஆயாம்மா எத்தன பேரு, குழந்தைக்கு தொண்டைல ஏதாச்சும் சிக்கிக்கிட்டா முதுகுல எப்படித் தட்டணும்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேக்கல. தேசிய குழந்தைகள் உரிமைகள் ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூலுக்கு ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு, அதுல 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், கூட ஒரு உதவியாளர்னு இருக்கு, மூணு வயசுக்குக் கீழ சேக்கக் கூடாது, ஒரு நாளைக்கு மூணு நாலு மணி நேரம் தான்னும் இருக்கு. நல்ல கணக்கு தான். ஆனா அது வழிகாட்டுதல். ஊருக்குள்ள டயப்பர் போட்ட குழந்தை இல்லாத ப்ளே ஸ்கூல காட்டுங்க பாக்கலாம். என்கிட்டயே ரெண்டு வயசுல ஆறு பேர் இருந்தாங்க.

அரை நாள்ங்கறதும் பேருக்குத் தான். மொதல்ல ஒருத்தி, "இன்னிக்கு மட்டும் ரெண்டு மணி வரைக்கும் வெச்சுக்கங்கக்கா"ம்பா. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாளு. தீபாவளி சமயத்துல ஆர்டர் அர்ஜெண்ட், ஒன்றரை ஷிப்ட் ஓடும், சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் எட்டுப் பத்து குழந்தைங்க என்கிட்ட தான். சோறு ஊட்டறேன், தூங்க வெக்கறேன், காய்ச்சல் மருந்து பாட்டில பையில வெச்சு விட்டுட்டுப் போவாங்க, அதையும் குடுக்கறேன். எந்த நாள்ல நான் டே கேர் ஆனேன்னு எனக்கே தெரியாது. அரை நாள் ஸ்கூலுக்கு ரூல்ஸ் வேண்டாம்னு சொல்றவங்க இதக் கணக்குல எடுக்கணும், அரை நாளா பதிவு பண்ணிட்டு முழு நாள் நடத்தறது ரொம்ப சுலபம், நல்ல மனசு இருந்தாலே போதும், தானா நடந்துரும்.

உண்மையான மூணு மணி நேரத்துலயும் கூட எல்லா நேரமும் ஒண்ணு இல்ல. என் அனுபவத்துல ரொம்ப பயமான நேரம் கடைசி இருபது நிமிஷம். கேட் கிட்ட டிவிஎஸ் ஃபிப்டி, ஸ்கூட்டி, ஆட்டோ, தாத்தா பாட்டிங்க, ஒருத்தர் சாவிய ஆஃப் பண்ணாமலே குழந்தைய வாங்கறாரு, உள்ள பாட்டில் மாறிப் போச்சுன்னு ஒருத்தி வர்றா, ஆயாம்மா ஷூ மாட்டிட்டு இருக்காங்க. அந்த மாதிரி ஒரு மத்தியானம் ஒரு அப்பா வந்தாரு, கைல பிஸ்கட் பாக்கெட்டு, குழந்தை "அப்பா"ன்னு ஓடி கட்டிப் புடிச்சுக்கிச்சு, நானும் சிரிச்சுட்டே அனுப்பிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு அம்மா வர்றா. அவங்க பிரிஞ்சு மூணு மாசம் ஆச்சாம், கேஸ் நடக்குதாம். எனக்கு யாரு சொன்னா? சாயங்காலம் அவரே கொண்டாந்து விட்டுட்டாரு, ஒண்ணும் ஆகல, ஆனா அந்த அஞ்சு மணி நேரம் அவ எங்க போர்டிகோ படில உக்காந்திருந்தத இன்னும் மறக்க முடியல. மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கினேன். குழந்தை பேரு, கூட்டிட்டுப் போகலாம்னு அம்மா எழுதிக் குடுத்த ரெண்டு மூணு பேரு, அவங்க போட்டோ, போன் நம்பர், தெனம் கையெழுத்து. அதுல பேர் இல்லாதவங்க பெரிய மாமாவா இருந்தாலும் போன் போட்டுக் கேட்டுட்டு தான் விடுவேன். எத்தனையோ பேர் கோவிச்சுட்டாங்க. நான் வாங்கின எந்த சர்டிபிகேட்லயும் யாரும் இந்த நோட்டக் கேக்கல.

இன்னொரு விஷயம் பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர்கிட்ட கத்துக்கிட்டது. அவங்க மாசாமாசம் எடை போட்டு எழுதுவாங்க, யார் வரலைன்னா வீட்டுக்கே போய்க் கேப்பாங்க, மேல சூப்பர்வைசர் சொல்லாம கொள்ளாம வந்து ரெஜிஸ்டரப் புரட்டுவாங்க. 1975ல இருந்து நடக்கற திட்டம், குறை ஆயிரம் சொல்லலாம், ஆனா அங்க ஒரு குழந்தை நாலு நாள் வரலைன்னா ஒரு நோட்டுல தெரியும். ஃபீஸ் வாங்கற நம்ம எடத்துல தெரியாது. அங்கன்வாடிக்கு வர்ற மாதிரி சொல்லாம வந்து எட்டிப் பாக்கற ஒரு ஆளு எனக்கும் இருந்திருந்தா அந்த மூடியத் திருப்பிப் பார்த்திருப்பாங்களோ என்னவோ.

லைசென்ஸ் வந்த வருஷம் ஃபீஸ மாசம் 600ல இருந்து 900 ஆக்கினேன், வேற வழி இல்ல. நாலு குடும்பம் போயிருச்சு. எங்க போனாங்கன்னு பார்த்தா, மெயின் ரோட்டுல ஒரு கடைக்கு மேல மாடி ரூம், போர்டு கிடையாது, ஒரே ஒரு அம்மா, 25 குழந்தைங்க, சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாரம் 100 ரூபா. எனக்கு வயித்தெரிச்சல், பொய் சொல்லல. அப்புறம் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அந்தம்மா கெட்டவங்க இல்லைங்க, நான் 2011ல எப்படி இருந்தேனோ அப்படித் தான் இருந்தாங்க. மாடிப்படிக்கு கேட் மட்டும் இல்ல. நான் சொன்னதும் அடுத்த நாளே பழைய கட்டில் சட்டத்த வெச்சு கட்டிட்டாங்க. அவங்ககிட்ட போய் நாலு சர்டிபிகேட் கொண்டாங்கன்னா என்ன நடக்கும்? கதவச் சாத்திட்டு உள்ள நடத்துவாங்க, இன்னும் கண்ணுக்குத் தெரியாம போயிரும்.

அதனால என் கட்சி என்னன்னு கேட்டா, லைசென்ஸ் வேணும், மூணு மணி நேரம்னாலும் வேணும், ஒரு மணி நேரம்னாலும் வேணும். தொட்டிக்குள்ள விழறதுக்கு எத்தன மணி நேரம் வேணும்? 2025 ஜனவரில விக்கிரவாண்டில எல்கேஜி குழந்தை செப்டிக் டேங்க்ல, ஏப்ரல்ல மதுரை மழலையர் பள்ளில நாலு வயசுக் குழந்தை தண்ணித் தொட்டில. ரெண்டு தடவையும் நான் டிவிய ஆஃப் பண்ணிட்டு போர்டிகோவுக்குப் போய் எங்க மூடியத் தொட்டுப் பார்த்துட்டு வந்தேன், ஸ்கூல் மூடி அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. ஆனா பத்து இருபது குழந்தை வெச்சிருக்கற ஒரு அம்மாவையும் மூணு மாடி ஸ்கூலையும் ஒரே ஃபார்ம்ல போட்டு நசுக்காதீங்க. மொதல்ல பேரைப் பதிய வெய்ங்க, ஃப்ரீயா. அப்புறம் பதினோரு மணிக்கு, குழந்தைங்க இருக்கறப்ப, சொல்லாம வாங்க. தொட்டி மூடி, வெளிய போற ரெண்டாவது வழி, எத்தன தலைக்கு எத்தன கை, யார் கூட்டிட்டுப் போறாங்கங்கற நோட்டு, இதப் பார்த்துட்டு சுவத்து பெயிண்ட அப்புறமா பாருங்க.

பேத்தி கதைக்கு வர்றேன். மொதல்ல போனது பெரிய பிராண்டு, ஏசி ரூம், ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு டேப்ல வீடியோ காட்டுச்சு, வருஷத்துக்கு 85,000. பாத்ரூமப் பாக்கலாமாம்மான்னு கேட்டேன். "சாரி ஆண்ட்டி, பேரண்ட்ஸ் இந்த கிளாஸ் டோர் தாண்ட அலவ்ட் இல்ல"ன்னுச்சு. அங்கீகார நம்பர் என்னன்னு கேட்டேன், ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்னுச்சு. பொண்ணு என் கையக் கிள்ளினா, வாம்மா போலாம்னு. அப்படி நாலஞ்சு எடம் பார்த்தோம், மாப்பிள்ளைக்கு பொறுமை போயிருச்சு. கடைசில வடவள்ளி பக்கம் ஒரு பழைய வீடு, போர்டுல நம்பர் எழுதியிருந்தாங்க, பதினோரு மணிக்கு சொல்லாம போனோம், உள்ள அழுகைச் சத்தம் கேட்டுச்சு. அழுகை கேட்டா நல்லது தான், ரெண்டு வயசுக் குழந்தைங்க இருக்கற எடம் கப்சிப்னு இருந்தா தான் எனக்கு பயம். ஒரு ஆயா அந்தக் குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டே தான் எங்களுக்கு கேட்டத் தொறந்தாங்க. நான் கேக்காமலே பாத்ரூமக் காட்டினாங்க. தாழ்ப்பாள் இல்ல. சேத்துட்டோம்.

மொத வாரம் பொண்ணுக்கு மீட்டிங்கு, நான் கூட்டிட்டு வர்றேன்னு பன்னெண்டேகாலுக்கே போய் நின்னேன். அதே ஆயா தான் கேட்ல. நோட்டப் புரட்டினாங்க, என் பேரு இல்ல. பொண்ணு அவ பேரும் மாப்பிள்ளை பேரும் மட்டும் எழுதிட்டு என்னைய விட்டுட்டா.

"நான் அம்மிச்சிங்க"ன்னேன்.

"இருக்கட்டுமுங்க, அவங்கம்மா போன்ல சொல்லட்டும்"னாங்க. உள்ள இருந்து பேத்தி என்னைப் பார்த்துட்டு அம்மிச்சி அம்மிச்சின்னு கூப்பாடு போடறா, ஆயா அசையல. பொண்ணு மீட்டிங்ல போன எடுக்கல. நிழல் கூட இல்லாத அந்த கேட்ல, மண்டை காயற வெயில்ல இருபது நிமிஷம் நின்னேன், அவ மேல தான் கோவம், ஆயா மேல இல்ல.